இடையூறின்றி இனிது முடிய

நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பது தமிழ்ப் புலவர் மரபு. எடுத்துக்கொண்ட நூல் இடையூறின்றி இனிது முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று உரைகாரர்கள் விளக்குவர். பதினெட்டு ஆண்டுகளாக நாமும் வகுப்பில் இவ்விளக்கத்தைச் சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குச் சென்றுகொண்டிருந்தோம். அதில் ஒரு தொழில் அனுபவம் அடங்கியிருக்கிறது என்பது அண்மையில்தான் உறைத்தது. நூல் எழுதப் புகுந்த எவரும் இடையூறு வரும் என்பதை முன்பே அறிந்திருந்தனர். வராது என்று நம்பித் தொடங்கியவர் ஒருவரும் இலர். நாம் மட்டுமே அப்படி நம்பிக்கொண்டு பதினோர் ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

எடுத்துக்கொண்ட வேலை பெரிதன்று. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லாட்டைப் பயிரைச் சார்ந்து வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டும் என்பதே அது. பிற பகுதியினர் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் கூறுவதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பர்; மணிலா என்பாரும் உண்டு. விதைப்பு, களை, பறிப்பு, ஆய்தல், காயவைத்தல், உடைத்தல் என ஒவ்வொரு நிலையிலும் சொற்கள் உண்டு. இயந்திரங்கள் வந்தபின் அவற்றுட் பல, முதியோர் வாயில் மட்டுமே எஞ்சியுள்ளன. அத்தகைய பெரியவர் ஒருவரிடம் ஒரு நாள் மாலை முழுவதும் கேட்டு எழுதினோம். ஒரு சொல்லை அவர் இருமுறை பயன்படுத்தினார். அதன் பொருளைக் கேட்பதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் வருகிறோம் ஐயா என்று கூறி விடைபெற்றோம்.

அந்த அடுத்த வாரம் வர ஏழு மாதங்கள் ஆயின. பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், மதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்புகள், சேர்க்கைப் பணி, தேர்தல் பயிற்சி என ஒவ்வொன்றும் நியாயமான வேலையே. எதையும் தவிர்த்திருக்க முடியாது. ஏழு மாதம் கழித்துச் சென்றபோது பெரியவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லுக்குரிய அட்டை எம்மிடம் இருக்கிறது. பொருள் எழுதவேண்டிய இடம் காலியாக உள்ளது. அவர் வீட்டாருக்கும் அது தெரியவில்லை.

அதன் பிறகே, நம் முன்னோர் இடையூறுகளுக்கு நடுவே எவ்வாறு வேலை செய்தனர் என்று படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இப்பொருளில் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது அவதானக் கலை. அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். எட்டுப் பொருள்களில் ஒருங்கே கவனம் வைப்பவர் அட்டாவதானி, பதினாறில் வைப்பவர் சோடசாவதானி, நூறில் வைப்பவர் சதாவதானி. ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருவர் முதுகின்மேல் நெல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார். அத்தனைக்கும் விடையளித்து, எறிந்தவற்றின் எண்ணிக்கையையும் இறுதியில் கூறவேண்டும். செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியது தமிழுலகம் நன்கறிந்த செய்தி.

இதைக் காட்டி, நம் முன்னோர்க்கு இடையூறு ஒரு பொருட்டன்று என்று பேசுவோர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. அவதானம் ஓர் அரங்கக் கலை. கேட்பவர் யார், எத்தனை பேர், எந்த வகையான வினா என்பன முன்பே வகுக்கப்பட்டவை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகில் விழும் பூவை எண்ணுகிறவர் அந்தப் பூவுக்காக எழுந்து சென்று கையொப்பம் இடவேண்டியதில்லை. மேலும், ஒரு நூலைப் பதிப்பிக்கும் வேலையோ அகராதி தொகுக்கும் வேலையோ அன்று மாலையே கைதட்டலோடு நிறைவுறுவதன்று. ஆண்டுக்கணக்கில் நீள்கின்ற வேலைக்கு அவதானியின் நினைவாற்றல் போதாது. வேறொரு ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டைக் காண, ஒரு கல்லூரி ஆசிரியரின் வாழ்க்கைக்குத்தான் செல்லவேண்டும்.

*

உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். தியாகராச செட்டியார் தாம் வகித்த பதவியை அவருக்குப் பெற்றுத் தந்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஊருக்கு முன்சீபாகப் புதிதாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். புதிய அதிகாரியைக் கண்டு வரும் மரியாதைச் சந்திப்பு அது. அந்நாளைய அவருடைய வேலைப் பட்டியலில் எவ்வகையிலும் முதன்மை பெறத்தக்கதன்று. இன்றைய மேலாண்மை நூல்கள் தவிர்க்கச் சொல்லும் இடையூறுகளில் முதலாவது இதுவே.

அங்கு நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று சாமிநாதையர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவகசிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பிறகு அதன் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய தமக்கு அந்நூல் விளங்கவில்லை என்பதைச் சாமிநாதையர் அன்று உணர்ந்தார். சங்க இலக்கியப் பதிப்பு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அந்த ஒரு சந்திப்பிலிருந்து கிளைத்தது.

இடையூறு என்று நாம் ஒதுக்குவனவற்றுள் இத்தகையதும் ஒன்று இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து நாம் அறிந்த முதற்செய்தி. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால், வருகிறவர் அனைவரையும் அமரவைத்துப் பேசிக்கொண்டிருப்பதற்கு இது நல்லதொரு சாக்காகிவிடும். அதன் பின் நிகழ்ந்தவையே நமக்கு வேண்டியவை.

முதலியார் நீதிமன்ற அலுவல் உடையவர்; சாமிநாதையர் கல்லூரி அலுவல் உடையவர். இரண்டும் ஒழிந்த பொழுதே பாடத்துக்குரிய பொழுது. சிந்தாமணி சமண காப்பியமாதலால் அதன் மரபு தெரிந்த சமணர்களைக் கும்பகோணத்திலேயே தேடிச் சென்று கேட்டார். அவர்கள் வீட்டில் அந்நூல் முறையாகப் படிக்கப்பட்டு வருவதைக் கண்டு வியந்தார். ஏடுகள் திரட்டினார், ஒப்பு நோக்கினார். கல்லூரி விடுமுறையில் சென்னைக்குச் சென்று அச்சுவேலையைக் கவனித்தார். நூல் 1887இல் வெளிவந்தது.

சிந்தாமணியின் செய்யுட்கள் 3145. சந்திப்பிலிருந்து வெளியீடு வரை ஏழாண்டுகள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒன்றேகால் செய்யுள் என்றாகிறது. இந்தக் கணக்கைப் போட்டபோது நமக்கு வியப்பே உண்டாயிற்று. மலைபோல் தோன்றும் அந்த உழைப்பு நாளுக்கு ஒன்றேகால் செய்யுள்தான்! ஒரு நாளில் பத்தும் மறுநாளில் ஒன்றுமின்மையும் இருந்திருக்கும் என்பது வேறு. ஆயினும் வேலையின் அலகு செய்யுள் என்பது இதில் தெளிவாகிறது. ஒரு செய்யுள் தன்னளவில் நிறைவுடையது. அதன் பாடவேறுபாடு, அருஞ்சொல், உரையில் வரும் மேற்கோளின் இடம் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. கதவு தட்டப்பட்டாலும் இழப்பு அந்த ஒரு செய்யுளின் அளவே.

அவர் பதிப்புகளின் இறுதியில் காணப்படும் அரும்பத அகராதிகளையும் அட்டவணைகளையும் இந்நோக்கில் பார்க்கவேண்டும். வாசகர் வசதிக்காகச் செய்தவை என்றே அவற்றைப் பாராட்டுகிறோம். அவை பதிப்பாசிரியரின் நினைவைத் தாளில் இறக்கிவைத்த ஏற்பாடும் ஆகும். நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று அவர் தேடிக்கொண்டே போனதுதான் அவரைப் பிற சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. மனத்திலேயே வைத்திருந்தால் ஒரு தேர்வுக் காலம் அதனைக் கலைத்திருக்கும். எழுதி வைத்த குறிப்பு கலைவதில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் அது நிறுத்திய இடத்திலேயே நிற்கும்.

*

சி.வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கையும் இவ்வாறே. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். சென்னையில் அரசுக் கணக்குத் துறையில் பணி செய்தார், பிறகு வழக்கறிஞரானார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் பதிப்பால் வெளிவந்தன. கணக்கும் வழக்கும் அவருக்குச் சோறு போட்டன. ஏடு பார்த்தது எஞ்சிய நேரத்தில். முழுநேரமும் கிடைத்தால் செய்துவிடுவோம் என்று காத்திருந்தவர்களுள் யாரேனும் கலித்தொகையைப் பதிப்பித்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் மறைமலையடிகள். 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியமர்ந்தார். கல்லூரியை விட்டதற்குப் பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காததே காரணம். இடையூறுக்கு அஞ்சி அவர் ஓடவில்லை. எனினும் நகரத்துக்கு வெளியே அமைந்த அவ்வாழ்க்கை, படிப்புக்கும் எழுத்துக்கும் உரிய ஒழுங்கை அவருக்குத் தந்தது. 1950இல் அவர் மறையும் வரை அங்கிருந்துதான் எழுதினார். அவர் சேர்த்து வைத்த நாலாயிரம் அளவிலான நூல்கள் பின்னர் அவர் பெயரிலேயே ஒரு நூலகமாயின. அத்தனிமைக்கு அவர் கொடுத்த விலை மாதச் சம்பளம். நம்மில் எத்தனை பேருக்கு அது இயலும்? வீட்டுக்கடன் தவணை கட்டுகிற நமக்குப் பல்லாவரம் தொலைவுதான்.

*

இவற்றையெல்லாம் துறை அறையில் ஒரு நாள் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்த பெண் பேராசிரியர் ஒருவர், "ஐயர் ஏடு பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்தவர்களுக்குக் கதவு திறந்தது யாருங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. உலை வைத்தவர், குழந்தையை அழாமல் பார்த்துக்கொண்டவர், ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற நாள்களில் வீட்டைக் காத்தவர் ஆகியோர் எந்த முகவுரையிலும் போதிய இடம் பெறவில்லை. அறிஞரைக் காத்த கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டுத் திட்டமிட்ட உழைப்பைப் பற்றி எழுதுவது அரைகுறை வரலாறு.

அவரே வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைவூட்டினார். சிறுவயதிலேயே மணமாகிக் கூட்டுக் குடும்பத்துக்கு வந்தவர். பள்ளி சென்று பயின்றவரல்லர். அவருடைய முதல் நாடகமாகிய இந்திர மோகனாவை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். மகாவித்துவானும் பாடல்களைச் சொல்லிச் சொல்லித்தான் மாணாக்கரை எழுதச் செய்தார். அவரைச் சூழ ஓர் ஆதீனம் இருந்தது. கோதைநாயகிக்கு இருந்தது ஒரு தோழி. தொடர்கதையின் ஓர் அத்தியாயம் என்பதும் சிந்தாமணிச் செய்யுள் போல முடிவு தெரிந்த ஓர் அலகே என்று நமக்குத் தோன்றுகிறது.

*

இக்கால ஆய்வாளர்கள் கூறுவதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927இல் பெர்லினில் வெளியிட்ட ஆய்வில், முடிந்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே அதிகம் நினைவில் நிற்பதாகக் கண்டார். பிற்கால ஆய்வுகள் எல்லாம் அதனை உறுதிப்படுத்தவில்லை எனினும், பாதியில் விட்ட அட்டை இரவில் உறுத்துவதை நாம் அறிவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்று கூறுகிறது. இடையூறு பெற்றவர்கள் வேலையை மெதுவாக அன்றி, விரைவாகவே முடித்தனர். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் மிகுந்தன. இது நமக்குப் பழக்கமான அனுபவம். நாள் முழுதும் ஓடி ஓடி எல்லாப் படிவங்களையும் முடித்துவிட்டு, மாலை ரயிலில் எதுவும் செய்யாதது போன்ற உணர்வோடு அமர்ந்திருக்கிறோம்.

கைப்பேசி வந்தபின் இது பெருகியிருக்கிறது. முன்பு தலைமை எழுத்தர் ஆளனுப்பினால்தான் இடையூறு. இன்று துறைக் குழு, தேர்வுக் குழு, சேர்க்கைக் குழு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட்ஸப் குழு. ஒவ்வொன்றிலும் உடனடி என்ற சொல்.

நாமும் கதவை மூடிப் பார்த்தோம். காலை முதல் பாடவேளை ஓய்வாக அமைந்த பருவத்தில், அந்த ஒரு மணி நேரம் எவரும் வரக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டோம். மூன்று வாரம் நன்றாக நடந்தது. நான்காம் வாரம் முதலாமாண்டு மாணவி ஒருத்தி கதவைத் தட்டினாள். பிற்பகல் வருமாறு சொல்லி அனுப்பினோம். உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பம் வாங்க வந்தவள். அன்று கடைசி நாள். ஊருக்குள் சென்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு சான்று பெறவேண்டியிருந்தது. பிற்பகலில் அவள் வரவில்லை. மறுநாள் விசாரித்தபோது வேறு துறை ஆசிரியர் ஒருவர் கையொப்பமிட்டு உதவியதாகத் தெரிந்தது. "பரவால்லைங்க சார்" என்றுதான் சொன்னாள். நமக்குத்தான் அன்று முழுதும் ஓர் அட்டையும் எழுத முடியவில்லை.

*

அதன்பின் அந்த ஒரு மணி நேரத்தை ரயிலுக்கு மாற்றிக்கொண்டோம். விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கும்வரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி நின்று நின்று செல்லும். அங்கே நம்மிடம் கையொப்பம் கேட்பார் இல்லை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு அச்சுவேலை பார்க்கச் சென்ற சாமிநாதையரின் வண்டியும் இந்தத் தடத்தில்தான் சென்றிருக்கவேண்டும். அலகு ஒன்றே: போகும்போது இரண்டு அட்டை, வரும்போது இரண்டு. அட்டை முடியாவிட்டால், அடுத்துச் செய்யவேண்டியதை ஒரு வரியில் எழுதிவிட்டே இறங்குகிறோம். கல்லூரியில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் கைப்பேசிக் குழுக்களை நண்பகலிலும் மாலையிலுமாக இரு வேளை மட்டும் பார்க்கிறோம். எம்மை நேரில் தேடி வருபவருக்கு முகம் உண்டு. அவருக்கு எத்தனை அவசரம் என்பது அதில் தெரிந்துவிடும்.

இப்பகுதியில் இத்தகைய வேலை முடிக்கத்தக்கதே என்பதற்குச் சான்றும் உண்டு. விருத்தாசலத்தில் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணிபுரிந்தவாறே எழுதிவந்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியை 2007இல் வெளியிட்டார். அதனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நமக்கு வெட்கமும் ஊக்கமும் ஒருங்கே தோன்றும்.

சாமிநாதையர் தம் வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிவந்தார். போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்ற அவர், 1942 ஏப்ரல் 28இல் அங்கேயே காலமானார். என் சரித்திரம் மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிந்திய நாற்பதாண்டு வாழ்வு அதில் இல்லை. ஆயினும் எழுதிய ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் முழுமையாக இருப்பதால், நின்ற நூல் குறையுடையதாகப் படிப்பவர்க்குத் தோன்றுவதில்லை.

இதுவரை எம்மிடம் அறுநூற்றுப் பதினான்கு அட்டைகள் சேர்ந்துள்ளன. பொருள் எழுதப்படாத அந்த அட்டையை அகற்றவில்லை. அகர வரிசையில் அதற்குரிய இடத்திலேயே வைத்திருக்கிறோம். செஞ்சிப் பக்கத்தில் அச்சொல்லை அறிந்தவர் இருக்கக்கூடும் என்று சென்ற வாரம் ஒரு மாணவர் கூறினார். வரும் ஞாயிறு அங்குச் செல்கிறோம். தேர்வுப் பணி ஒன்று அன்று குறுக்கிட்டது. நம் துறை நண்பர் ஒருவர் தாமே முன்வந்து அதை ஏற்றுக்கொண்டார்.